காக்கா இல்லாத மலையில் அப்பா சாப்பிட்டார்

நான் குரங்குக்குச் சோறு போடலை சார். அதை முதல்ல மனசுல வாங்கிக்கிடுங்க. அப்புறம் நீங்க எந்தக் கேஸ் வேணும்னாலும் போடுங்க.

கொஞ்சம் உட்கார்ந்துக்கிறேன். காலையில இருந்து நின்னு நின்னு முட்டி கழண்டு போச்சு. டீயா? குடுங்க. இருங்க, ஜன்னல் பக்கம் வெளிச்சத்துல பார்த்துக்கிறேன். ஆடை மிதக்குது. பரவாயில்லை, குடிக்கிறேன். நான் எதுலயும் குறை சொல்ற ஆள் கிடையாது. சர்க்கரைதான் ஒரு கரண்டி கம்மி.

சார்னு கூப்பிடுறேன், ஆனா உங்களுக்கு என் மாப்பிள்ளை வயசுதான் இருக்கும். அந்தா, உங்க வனத்துறை செக்போஸ்ட் கம்புக்குப் பக்கத்துல நிக்குதே வெள்ளை வண்டி, அதுல முன்சீட்டுல தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருக்காரு பாருங்க, அவருதான் மாப்பிள்ளை. தீபன்னு பேரு. கோயம்புத்தூர்ல கம்ப்யூட்டர் வேலை. கழுத்துல ஒரு பைனாகுலர், தோள்ல ஒரு கேமரா, வாய்ல ஒரு அட்வைஸ், இந்த மூணும் இல்லாம அவரைப் பார்க்க முடியாது. காட்டுக்குள்ள செண்ட் அடிக்கக் கூடாது, சிவப்புச் சட்டை போடக் கூடாது, சத்தம் போடக் கூடாது, மிருகத்துக்கு ஒரு பருக்கை கூடப் போடக் கூடாது. ஊர்ல கிளம்புனதுல இருந்து எங்களுக்கு வகுப்பு எடுத்துக்கிட்டே வந்தாரு. கடைசியில அவரு மாமனாரையே நீங்க ஜீப்புல ஏத்திட்டீங்க. பாவம், வெட்கம் இருக்கத்தானே செய்யும்.

பின்னாடி ஜன்னல் வழியா கையைக் கையை ஆட்டுறது என் சம்சாரம் விஜயராணி. என்ன சொல்றான்னு உங்களுக்குப் புரியாது. எனக்குப் புரியுது. அவளோட கை வெடுக்குன்னு காத்துல எதையோ பறிக்குது பாருங்க. "குரங்கு பிடுங்கிருச்சுன்னு சொல்லுங்க"ன்னு அர்த்தம்.

நீங்களும் அதைத்தான் சொன்னீங்க. நல்ல மனுஷன் நீங்க. "பெரியவரே, அது தானா வந்து பிடுங்கிட்டுப் போச்சுன்னா எச்சரிச்சு அனுப்பிடுறேன். நீங்களா குடுத்தேன்னு சொன்னா கேஸ்தான், நாளைக்குக் காட்டுக்குள்ள நடக்குறதுக்கு வாங்கின அனுமதியும் ரத்து"ன்னீங்க. அந்த அனுமதிக்கு மாப்பிள்ளை எத்தனை மாசமா அலைஞ்சாரு தெரியுமா? அவருக்காகவாவது பிடுங்கிருச்சுன்னு சொல்லிடலாம்னுதான் நானும் நினைக்கிறேன். ஒரு வார்த்தைதானே. ஆனா அந்த வார்த்தையைச் சொல்ல மனசு வரலை சார். ஏன் வரலைன்னு சொல்றேன், கேளுங்க. அதுக்கப்புறம் நீங்களே ஒரு முடிவு பண்ணுங்க.

என் பேரு அழகர்ராஜ். அருப்புக்கோட்டையில பெயிண்ட் கடை. எங்க அண்ணன் பேரு ராஜகுரு, சென்னையில அம்பத்தூர்ல சொந்த வீடு, மொட்டை மாடி. இந்த மொட்டை மாடியில இருந்துதான் சார் எல்லா வினையும்.

எங்கப்பா கடைசிக் காலம் முழுக்க எங்கிட்டதான் இருந்தாரு. குளிப்பாட்டுனது நான். முதுகு சொறிஞ்சு விட்டது நான். சோத்துல கல்லுன்னு திட்டு வாங்குனது என் சம்சாரம். அண்ணன் தீபாவளிக்கு ஒரு வேட்டி எடுத்துக்கிட்டு வருவாரு, அப்பா கட்டிப் பிடிச்சு அழுவாரு. சரி, பெரிய பையன், பாசம் இருக்கும், நான் ஒண்ணும் நினைச்சுக்கிடலை. நான் அந்த மாதிரி மனசுல வச்சுக்கிட்டு இருக்கிற ஆள் கிடையாது.

அப்பா போய்ச் சேர்ந்தாரு. அமாவாசைக்கு அமாவாசை ரெண்டு வீட்டுலயும் படையல். அண்ணன் மாடியில இலையை வச்சுட்டு ஒரு தடவை, ஒரே தடவை, "கா"ன்னு கூப்பிடுவாரு. வந்துரும் சார். மதில்ல வந்து உட்கார்ந்து, சாவகாசமா சாப்பிட்டுட்டுப் போகும். அதை வீடியோ எடுத்துக் குடும்ப குரூப்புல போடுவாரு. கீழ "அப்பா வந்துட்டார்"னு எழுதி ஒரு கும்பிடு. உடனே அத்தை, சித்தப்பா, துபாய்ல இருக்கிற கொழுந்தியா மகன் வரைக்கும் எல்லாரும் கும்பிடு.

எங்க வீட்டு மாடிக்கு ஒரு காக்கா வந்ததில்லை.

ஒண்ணு கூட வந்ததில்லை சார். நெய் ஊத்திப் பார்த்தேன். எள்ளு கலந்து பார்த்தேன். பெயிண்ட் வாடையா இருக்கும்னு கடை டப்பாவை எல்லாம் மாடியில இருந்து இறக்கினேன். எதிர்வீட்டுச் சுவத்துல ஏழு எட்டு உட்கார்ந்திருக்கும், என்னையவே பார்த்துக்கிட்டு. இலையில ஒரு மூக்கு படாது. நாங்க சாயங்காலம் வரைக்கும் பார்த்துட்டு, பசு மாட்டுக்குப் போட்டுட்டுச் சாப்பிடுவோம். உயிரோட இருந்தப்ப எங்கிட்டச் சாப்பிட்ட மனுஷன், செத்ததுக்கப்புறம் சாப்பாட்டுக்கு மட்டும் அம்பத்தூருக்குப் போறாருன்னா என்ன அர்த்தம்? எனக்கு வயிறு எரியுமா எரியாதா? அழுகையா வரும் சார். கடையில கஸ்டமர் முன்னாடி கூட ஒரு நாள் வந்துருச்சு. பெயிண்ட் நெடின்னு சமாளிச்சேன்.

அண்ணன் வீட்டுக்கு வர்றது அப்பாவே இல்லை, அது தினமும் மிக்சர் போட்டு வளர்த்த காக்கான்னு எனக்கு ஒரு சந்தேகம். அண்ணிகிட்ட நாசூக்காக் கேட்டும் பார்த்தேன். பேச்சை மாத்திட்டாங்க.

இப்ப இன்னிக்கு விஷயத்துக்கு வர்றேன். பேத்திக்குக் காலாண்டு லீவு. மாப்பிள்ளை போன்ல தேதியைத் தட்டி, இந்த மலையில ஒரு தங்கும் வீட்டை புக் பண்ணிட்டாரு. எங்க வீட்டுல கிழிக்கிற தினசரிக் காலண்டரை யாரும் பார்க்கலை. நேத்து வந்து இறங்கியாச்சு. இன்னிக்குக் காலையில பல்லு விளக்கிக்கிட்டே போனைப் பார்க்கிறேன், அண்ணன் போட்டிருக்காரு: "இன்று மகாளய அமாவாசை. அனைவரும் அப்பாவுக்குப் படைத்து விடவும்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. வருஷத்துல பெரிய அமாவாசை சார்! பாட்டன் பூட்டன் எல்லாம் பூமிக்கு வந்து வாசல்ல நிக்கிற நாள். அவங்க அருப்புக்கோட்டையில பூட்டின வீட்டு முன்னாடி நிக்கிறாங்க, நான் இங்க பெர்முடாஸ் போட்டுக்கிட்டு நிக்கிறேன்.

விஜயராணி கெட்டிக்காரி. தங்கும் வீட்டுக்கார அம்மாகிட்ட அடுப்பைக் கேட்டு வாங்கி, வெங்காயம் பூண்டு இல்லாம சாம்பார், வாழைக்காய், பாகற்காய், பருப்பு வடை, பாயசம் எல்லாம் பண்ணிட்டா. வடையை ஒண்ணு எடுத்து முகர்ந்து பார்த்து, ரெண்டாப் பிட்டு வெளிச்சத்துல பார்த்தேன். நடுவுல கொஞ்சம் வேகலை. சொன்னேன். கரண்டியைக் கீழ வச்சுட்டு என்னையப் பார்த்தா. அப்பாவும் இப்படித்தான் வடையைப் பிட்டுப் பார்ப்பாரு, அது வேற விஷயம், அவரு குறை சொல்றதுக்காகப் பார்ப்பாரு. நான் வெந்திருக்கான்னு பார்க்கிறதுக்காகப் பார்க்கிறேன்.

இலையில எடுத்துக்கிட்டு வெளிய போய் "கா கா"ன்னு கூப்பிட்டா, வீட்டுக்கார அம்மா வந்து, "சார், இங்க காக்கா அவ்வளவாக் கிடையாது, கீழ டவுனுக்குப் போனா பஸ் ஸ்டாண்டுல நிறைய இருக்கும்"னாங்க. எனக்குச் சிரிக்கிறதா அழுகிறதான்னு தெரியலை. காக்கா இல்லாத ஊர் ஒண்ணு உலகத்துல இருக்கா சார்? மாப்பிள்ளை மெதுவா, "மாமா, இன்னிக்கு நாம காடு சுத்திப் பார்க்கத்தானே போறோம், போற வழியில எங்கயாவது காக்கா இருக்கும், சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்குவோம்"னாரு. நல்ல யோசனை. தூக்குல கட்டிக்கிட்டுக் கிளம்பிட்டோம். அந்தா உங்க மேஜை மேல சாட்சியா வச்சிருக்கீங்களே, அதே தூக்குதான்.

காக்கா சாப்பிடுற வரைக்கும் யாரும் சாப்பிடக் கூடாது, அது எங்க வழக்கம். நான் யாரையும் கட்டாயப்படுத்தலை. "நீங்கள்லாம் சாப்பிடுங்க, நான் இருக்கிறேன்"னுதான் சொன்னேன். சொல்லிட்டு ஒரு பெருமூச்சு விட்டேன், அவ்வளவுதான். ஒருத்தரும் சாப்பிடலை. அது அவங்களா எடுத்த முடிவு. பேத்தி இனியாவுக்கு மட்டும் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிச்சுக் குடுத்தாங்க. அவளும் ஒவ்வொரு கடிக்கும் என் முகத்தைப் பார்த்துக்கிட்டே கடிச்சா.

அப்புறம் ஆரம்பிச்சுச்சு சார். என்ன இருக்கோ எல்லாம் வந்துச்சு.

முதல்ல ஒரு மலையணில். பூனை அளவுக்கு, வாலு ஒரு முழம். மாப்பிள்ளை வண்டியை நிறுத்திட்டு, "மாமா, மாமா, பாருங்க"ன்னு கிசுகிசுக்கிறாரு. நான் பார்த்தேன். "பக்கத்துல காக்கா இருக்கா?"ன்னு கேட்டேன். வண்டியை எடுத்துட்டாரு. அடுத்த வளைவுல காட்டெருமைக் கூட்டம். கன்னுக்குட்டியோட. என் மகள் பவித்ரா கையைக் கூப்பினா. நானும் கூப்பினேன், எல்லா எருமை முதுகையும் ஒண்ணு ஒண்ணாப் பார்த்தேன், ஏன்னா ஊர்ல எருமை முதுகுலதான் காக்கா உட்கார்ந்திருக்கும். இதுங்க முதுகுல வெள்ளைக் கொக்கு உட்கார்ந்திருக்கு. வெள்ளைக் கொக்கு எங்களுக்கு எதுக்கு சார்?

அதுக்கப்புறம் இருவாச்சி. மாப்பிள்ளை இதுக்காகவே மூணு வருஷமா மலை மலையா ஏறுறாராம், ஒரு தடவை கூடப் பார்த்ததில்லையாம். இன்னிக்கு ஜோடியா வந்து மரத்துல உட்காருது. மூக்கே ஒரு முழம், தலையில கிரீடம் மாதிரி ஒண்ணு. மாப்பிள்ளைக்குக் கண்ணுல தண்ணி. நான் கேட்டேன், "மாப்பிள்ளை, இது காக்கா ஜாதியா?" இல்லைன்னாரு. "உடம்பு கருப்பாத்தானே இருக்கு, ஒரு பருக்கை வச்சுப் பார்ப்போமா?" "மாமா, அது பழம்தான் சாப்பிடும்"னாரு. எங்கப்பாவுக்குப் பழம் பிடிக்காது. அப்ப இது அவரு இல்லைன்னு ஆயிப் போச்சு. நான் நியாயமாத்தான் பேசினேன், மாப்பிள்ளை ஏன் கோவிச்சுக்கிட்டு வண்டியை எடுத்துட்டாருன்னு தெரியலை.

விஜயராணி ஒரு யோசனை சொன்னா. கம்பியில ரெட்டைவால் குருவி ஒண்ணு உட்கார்ந்திருந்துச்சு, கன்னங்கரேல்னு. "ஏங்க, பசி உயிர் போகுது, கருப்பா ஒரு பறவை, இதைக் காக்கான்னு வச்சுக்குவோமே"ன்னா. எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு. வச்சேன். அது இலையைச் சுத்தி வந்து, வடை மேல உட்கார்ந்த ஈயைப் பிடிச்சுத் தின்னுட்டுப் போயிருச்சு. அப்பா சைவம் சார். ஈயெல்லாம் தொட மாட்டாரு.

காலுல அட்டை ஏறினதைத் தனியாச் சொல்லணுமா? இலை வைக்க இறங்குறப்ப எல்லாம் ஏறுச்சு. பவித்ரா உப்புத் தேய்ச்சு எடுத்துக்கிட்டே, "எல்லாரும் நம்ம உடம்புல சாப்பிடுறாங்கப்பா, நாமதான் சாப்பிடலை"ன்னா. என் மகளுக்கு அப்பப்ப இப்படி வாய் வந்துரும். அவ தாத்தா கொணம்.

யானையைச் சொல்லாம விட்டா மாப்பிள்ளை மறுபடி கோவிச்சுக்குவாரு. தேயிலைக் காட்டு ஓரத்துல ரோட்டை மறிச்சு நிக்குது. தாயும் குட்டியும். மாப்பிள்ளை எஞ்சினை அணைச்சுட்டு, "யாரும் மூச்சு விடாதீங்க"ன்னாரு. எல்லாரும் அப்படியே சிலையாட்டம் இருந்தோம். அப்பத்தான் சார் எனக்கு மரத்து உச்சியில ஏதோ கருப்பா அசைஞ்ச மாதிரி தெரிஞ்சுச்சு. என்னை அறியாம வாய் திறந்துருச்சு. "கா... கா... கா..."

பவித்ரா என் வாயைப் பொத்தினா. விஜயராணி தாலியைப் பிடிச்சுக்கிட்டா. யானை திரும்பி என்னையப் பார்த்துச்சு. சத்தியமாச் சொல்றேன், அதுல கோபமே இல்லை. ஆஸ்பத்திரியில முத்தின கேஸைப் பார்க்கிற டாக்டர் மாதிரி ஒரு பார்வை. பார்த்துட்டுக் குட்டியைத் தள்ளிக்கிட்டுக் காட்டுக்குள்ள போயிருச்சு. நான்தான் இன்னிக்கு யானையை விரட்டிக் குடும்பத்தைக் காப்பாத்தினது. அதை யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க.

மரத்து உச்சியில இருந்தது தேன்கூடு.

மத்தியானம் தாண்டிருச்சு. இனியா பசியில தூங்கிட்டா. மாப்பிள்ளை ஸ்டியரிங்ல நெத்தியை வச்சுக்கிட்டாரு. அந்த வளைவுல, நீங்க என்னையப் பிடிச்சீங்களே அதே வளைவுல, குட்டைச் சுவர் ஒண்ணு இருக்குல்ல, அங்க நிறுத்தச் சொன்னேன். கடைசியா ஒரு தடவை. வரலைன்னா சாப்பிட்டுருவோம்னு நானே சொல்லிட்டேன். அப்பாவா இருந்தா ஒத்துக்கிட மாட்டாரு, பிடிவாதம். எனக்கு அந்தப் பிடிவாதம் கிடையாது.

சுவர் மேல இலையை விரிச்சு எல்லாத்துலயும் கொஞ்சம் எடுத்து வச்சேன். கண்ணை மூடிக்கிட்டேன். கூப்பிடலை சார். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிருச்சு. மனசுக்குள்ளதான் சொன்னேன். அப்பா, என் மேல என்ன கோபம்? நான் என்ன செய்யலை உங்களுக்கு? அண்ணன் வீட்டுல ஒரு வாய் சாப்பிடுறீங்களே, எங்க வீட்டுல ஒரு பருக்கை எடுக்கக் கூடாதா? நான் பாட்டுக்குக் கேட்டுக்கிட்டே இருக்கேன், கண்ணுல தண்ணி வருது.

பக்கத்துல தொப்புன்னு ஒரு சத்தம்.

கண்ணைத் திறந்தா, இலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்காரு. உடம்பெல்லாம் கருப்பு. முகத்தைச் சுத்தி நரைச்ச கிருதா, ரெண்டு கன்னத்துலயும் காடாட்டம். சார், எங்கப்பாவுக்கு அதே கிருதா. நாவிதர் குறைக்கட்டுமான்னு கேட்டா அடிக்கப் போயிருவாரு. நீங்க அப்புறமா அது பேரு சிங்கவால் குரங்கு, அழிஞ்சுக்கிட்டு வர்ற இனம்னு சொன்னீங்க. நான் வாலைப் பார்க்கலை, முகத்தைத்தான் பார்த்தேன். இனம்னு பார்த்தாலும் சரிதான், எங்கப்பா மாதிரி இனி ஒரு ஆள் வரப் போறதில்லை.

கேளுங்க சார், இதுதான் முக்கியம். அவரு பாயலை. பிடுங்கலை. இலையைத் தொடக்கூட இல்லை. என்னையப் பார்த்தாரு. அப்புறம் கையை நீட்டினாரு. உள்ளங்கையை மேல வச்சு, "என்னத்தை வச்சிருக்கே, குடு"ங்கிற மாதிரி.

நான் வடையைக் குடுத்தேன்.

முகர்ந்து பார்த்தாரு. ரெண்டாப் பிட்டாரு. பிட்டு, உள்ள பார்த்தாரு சார்! வேகலைன்னு தெரிஞ்சு போச்சு அவருக்கு. என்னையப் பார்த்து ஒரு முறைப்பு. அப்புறம் தின்னாரு. கறிவேப்பிலையை மட்டும் ஒண்ணு ஒண்ணா எடுத்துச் சுவர் ஓரத்துல வச்சாரு. பாகற்காயை எடுத்தாரு, ஒரே வீச்சு, பள்ளத்துல போய் விழுந்துச்சு. எங்கப்பாவுக்குப் பாகற்காயைக் கண்டா ஆகாது சார், வழக்கத்துக்காக வச்சுத் தொலைக்க வேண்டியிருக்கு. பாயசத்துல முந்திரியை மட்டும் பொறுக்கினாரு. எல்லாம் முடிச்சுட்டு என் தோள்ல கிடந்த துண்டை இழுத்து அதுல கையைத் துடைச்சாரு. இந்தா பாருங்க, மஞ்சக் கறை. இந்தத் துண்டை நான் துவைக்கப் போறதில்லை.

குனிஞ்சு கும்பிட்டேன். குனிஞ்சவன் பின்மண்டையில படார்னு ஒண்ணு வச்சாரு. அதே இடம் சார். சின்ன வயசுல இருந்து அவரு தட்டித் தட்டி எனக்கு அந்த இடத்துல முடியே கம்மி.

வண்டியில எல்லாரும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. தூங்கி எழுந்த இனியா ஜன்னல்ல இருந்து, "தாத்தா, அதுவும் உன்னை மாதிரியே வடையைப் பிட்டுப் பார்க்குது"ன்னு கத்தினா. குழந்தைக்கு என்ன தெரியும். நான் எங்க அப்படிப் பண்றேன்?

அப்பத்தான் உங்க ஜீப் வந்துச்சு. அவரு மரத்துல ஏறிட்டாரு. என்னால ஏற முடியலை, மாட்டிக்கிட்டேன்.

இப்பச் சொல்லுங்க. இதைப் பிடுங்கிருச்சுன்னு எப்படிச் சொல்றது? பிடுங்கித் தின்னா அது குரங்கு. கேட்டு வாங்கிச் சாப்பிட்டாத்தானே அப்பா? ஆனா மாப்பிள்ளை முகத்தைப் பார்க்கிறேன், பாவமா இருக்கு. இருவாச்சியைத்தான் நிம்மதியாப் பார்க்க விடலை, நாளைக்கு நடக்கவாவது விட வேண்டாமா? அவரு ஆசைப்பட்டு எங்களைக் கூட்டிட்டு வந்தாரு. சரி சார். எழுதிக்கிடுங்க. பிடு...

ஒரு நிமிஷம். போன். இங்கதான் சிக்னல் வருது போல. அண்ணன். எடுக்கட்டுமா? வீடியோ பார்த்தியான்னு கேக்கத்தான் இருக்கும், சட்டுனு முடிச்சுருவேன்.

சொல்லுங்கண்ணே... இல்லை, மலையில இருக்கோம்... சாப்பிட்டீங்களா?... என்னது?... இன்னுமா?... எப்ப இருந்து நிக்கிறீங்க மாடியில?... வெயில்லயாண்ணே, உங்களுக்கு சுகர் இருக்குல்ல... ஒண்ணு கூடவா?... ஏண்ணே அழுகுறீங்க? சேச்சே, என்னண்ணே இது சின்னப் பிள்ளை மாதிரி... அப்பாவுக்கு உங்க மேல என்ன கோபம் இருக்கப் போகுது? கோபமெல்லாம் இல்லைண்ணே. அவரு இன்னிக்கு இங்க வந்துட்டாரு... ஆமாண்ணே, எங்கிட்ட... சத்தியமா, என் கையில இருந்து வாங்கித்தான் சாப்பிட்டாரு... காக்கா மாதிரிதாண்ணே. கருப்பு... ஆமா, வடையைப் பிட்டுப் பார்த்தாரு. வேகலைன்னு முறைச்சாரு... ஆமாண்ணே, பாகற்காயைத் தூக்கி எறிஞ்சுட்டாரு... மண்டையில ஒண்ணு போட்டாரு... சிரிக்காதீங்கண்ணே, இன்னும் வலிக்குது... நீங்க கீழ இறங்கிப் போய் சாப்பிடுங்க. அப்பா வயிறு நிறைஞ்சுருச்சு. போங்கண்ணே. அடுத்த அமாவாசைக்கு உங்க வீட்டுக்கு வந்துருவாரு, நான் சொல்லி அனுப்புறேன்... வைக்கிறேன்.

கொஞ்சம் தண்ணி குடுங்க சார்.

காலையில இருந்து மாடியில நிக்கிறாராம். ஒரு காக்கா வரலையாம். முதல்ல எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. துள்ளிக் குதிக்கணும் போல இருந்துச்சு. அப்புறம் அண்ணன் அழுதாரு பாருங்க, அதுல எல்லாம் இறங்கிப் போச்சு. இத்தனை வருஷம் நான் மாடியில நின்னது மாதிரியே இன்னிக்கு அவரு நின்னிருக்காரு. மிக்சர் போட்டு வளர்த்த காக்கான்னு சொன்னேன்ல, அதை வாபஸ் வாங்கிக்கிறேன்.

என்ன விஜயராணி, நீ ஏன் இறங்கி வந்தே? கேட்டுக்கிட்டு இருந்தியா? சார், என் சம்சாரம் என்னமோ சொல்லணுங்கிறா... பாருங்க, நல்லாக் கேட்டுக்கிடுங்க. "வடை சுட்டது நான், குடுத்தது அவரு, என் பேரையும் சேர்த்து எழுதுங்க தம்பி"ங்கிறா. இவ்வளவு நேரம் ஜன்னல்ல பறிச்சுக்கிட்டு இருந்த அதே கை சார் இது. வேகாத வடைன்னு இனி சொல்ல மாட்டேன் விஜயராணி. கொஞ்சம் வேகலை, ஆனா சொல்ல மாட்டேன்.

மாப்பிள்ளை, நீங்களுமா? உங்க அனுமதி போயிருமே மாப்பிள்ளை. பரவாயில்லையா? கேமராவை எதுக்கு சார்கிட்ட நீட்டுறீங்க? படம் எடுத்தீங்களா! குடுங்க குடுங்க. பாருங்க சார். பெரிசாக்கிப் பாருங்க. கை நீட்டியிருக்கா இல்லையா? உள்ளங்கை மேல இருக்கா இல்லையா? என் கை வடையோட அந்தக் கையில இருக்கா இல்லையா? மாப்பிள்ளை, இதை உடனே குடும்ப குரூப்புல போடுங்க. கீழ "அப்பா வந்துட்டார்"னு எழுதி ஒரு கும்பிடு. துபாய் வரைக்கும் போகட்டும்.

சரி சார், எடுங்க பேனாவை. பிடுங்கலை. குடுத்தேன். கேஸ் போட்டுக்கிடுங்க. அதுக்கு முன்னாடி அந்தத் தூக்கை மட்டும் இப்படி நகர்த்துங்க, அப்பா சாப்பிட்டாச்சு, இனி நாங்க சாப்பிடலாம். பவித்ரா, இனியாவைக் கூட்டிட்டு வாம்மா. சாட்சியில கை வைக்கக் கூடாதா? நீங்களும் ஒரு வடை எடுத்துக்கிட்டா யார் கேக்கப் போறாங்க? எடுங்க, மத்தியானமே தாண்டிப் போச்சு, நீங்களும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க.

பேரு அழகர்ராஜ். தகப்பனார் பேரா? குருவையா. எழுதிட்டீங்களா? உணவு வாங்கின விலங்கோட பேரும் எழுதணுமா? அதுக்குத் தனியா எழுத வேண்டாம் சார். இப்ப எழுதினீங்கள்ல, அதே பேருதான்.